கித்தாப் பந்தும் நெத்திலித் துண்டும்



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில் 'என் செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் மாணவர்களைப் பேச வைத்தேன். பூனை, மீன், கிளி என்று ஒவ்வொருவராகப் பேசி முடித்தபின் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு டீச்சர். கூப்பிட்டா வரவே மாட்டேங்குது. நாலு போடு போட்டாத்தான் புத்தி வரும்னு தாத்தா சொல்றாரு. எனக்கு அடிக்க மனசு வரல. வேற என்ன செய்யலாம்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வினாவிற்கான விடை எனக்கு 1989-ஆம் ஆண்டில் தேவைப்பட்டது. அப்போது சொல்வாரில்லை. அவனுக்கு வகுப்பிலேயே நான்கு வரியில் ஒரு விடை சொல்லிவிட்டேன். ஆயினும் அந்த நான்கு வரிக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கின்றது. அந்த வரலாற்றில் நம் தோட்டங்களுக்கும் நம்மவர் வெட்டிய பாலுக்கும் கூட ஓர் இடம் உண்டு. அதைத்தான் இங்கே எழுத முற்படுகின்றேன்.

தோட்டத்து நாய்

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். இன்று அந்தப் பக்கம் வருவோர் தொழிற்பேட்டையையும் தாமான் வீடுகளையும் காண்பர். சிரம்பானிலிருந்து கிம்மாஸ் நோக்கிச் செல்லும் இரயில் தடத்தில் செனவாங்கை அடுத்து ஒரு நிலையத்தையும் காண்பர். என் சிறு வயதில் அங்கே ஒருபுறம் கித்தா மரங்களும் மறுபுறம் புதிதாக நட்ட செம்பனையும் நின்றன. விடியுமுன் பிரட்டு. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் வெளிக்காட்டுக்குப் போவார்கள். கூடவே நாயும் போகும்.

தோட்டத்து நாய்க்குப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. பாம்பைக் கண்டால் குரைக்கும். காட்டுப் பன்றியைத் துரத்தும். இரவில் லயத்து வாசலில் படுக்கும். மிஞ்சிய சோறும் கருவாட்டுத் தலையும் அதற்கு உணவு. தவறு செய்தால் விறகுக் கட்டை. இதில் எவரையும் குறை சொல்ல இயலாது. கங்காணியிடமும் கிராணியிடமும் ஏச்சு வாங்கியே பழகிய மக்களுக்கு, பழக்குவது என்றால் அடிப்பது என்றுதான் தெரியும். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

எங்கள் நாயின் பெயர் கருப்பன். அவிழ்த்துவிட்டால் மணிக்கணக்கில் சுற்றிவிட்டு வரும். அப்பா "கருப்பா, வாடா" என்று கூப்பிடுவார். கருப்பன் வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நிற்கும். வந்தவுடன் ஓடிப்போனதற்காக அடி விழும். அப்பாவின் கணக்கில் அது ஓடியதற்கான தண்டனை. கருப்பனின் கணக்கில் அது வந்ததற்கான கூலி. சில மாதங்களில் 'வா' என்ற சொல்லைக் கேட்டாலே அது பின்வாங்கத் தொடங்கியது.

1989-இல் ஒரு நாள் பிற்பகல், கழுத்துப்பட்டை இல்லாத நாய்களைச் சுடுவதற்காகத் தோட்டத்துக்குள் ஒரு வாகனம் வந்தது. அந்தக் காலத்தில் அது வழக்கமான செயல். கருப்பன் கால்வாய்க்கு அப்பால் நின்றுகொண்டிருந்தது. நான் பத்து வயதுப் பிள்ளை. "கருப்பா, வா, வா" என்று கத்தினேன். அது என்னைப் பார்த்தது. நான் ஐந்தடி முன்னே வைத்தேன். அது ஐந்தடி பின்னே வைத்தது. வீட்டுக்குள் வந்திருந்தால் பிழைத்திருக்கும். அது வரவில்லை. அதற்குமேல் எழுத விரும்பவில்லை.

கோலும் சங்கிலியும்

அடித்துப் பழக்கும் முறை நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகளில் அதற்கு நூல்களே இருந்தன. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்னும் காவல் அதிகாரி 1910-இல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காவல்துறை, இராணுவ நாய்களை அவர் முறைப்படியே பல நாடுகளில் பழக்கினர். நாய் மனிதனுக்கு அடங்க வேண்டும். அடங்காவிடில் வலி என்பதே அதன் சாரம். ஆயினும் அவர் வெறும் முரடர் அல்லர். சரியான செயலுக்கு உடனே பாராட்டு, தவறான செயலுக்கு உடனே கண்டிப்பு என்று நேரத்தின் முக்கியத்துவத்தை அவர் நன்றாக உணர்ந்திருந்தார்.

அமெரிக்காவில் வில்லியம் கோலர் என்பவர் 1962-இல் தம் முறையை நூலாக்கினார். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் நீண்ட கயிறும் அவருடைய கருவிகள். அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. நாய்க்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்குவது இலஞ்சம் கொடுப்பதற்கு ஒப்பானது என்ற எண்ணம் அக்காலப் பயிற்சியாளர் பலரிடம் வேரூன்றியிருந்தது. இன்றும் நம்மிடையே சிலர் அதையே சொல்லக் கேட்கிறோம்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாய்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த அனைவரும் மூன்று பெயர்களை மனப்பாடம் செய்திருப்போம்: தோர்ண்டைக், பாவ்லோவ், ஸ்கின்னர். தேர்வுக்காகப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். இம்மூவரும் தங்கள் கொள்கைகளை வகுத்தது விலங்குகளைக் கொண்டுதான் என்பதை மட்டும் நாம் சற்று நிதானித்து எண்ணவில்லை.

எட்வர்ட் தோர்ண்டைக் 1898-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பூனைகளையும் நாய்களையும் கோழிக்குஞ்சுகளையும் புதிர்ப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றையோ தாழையோ தற்செயலாக இழுத்தால் கதவு திறக்கும். முதல் முறை நெடுநேரம் ஆகும். பின்னர் நேரம் குறைந்துகொண்டே வரும். நல்ல விளைவைத் தரும் செயல் நிலைக்கும் என்பதே அவருடைய விளைவு விதி. நாம் 'முயன்று தவறிக் கற்றல்' என்று படித்தது இதுவே.

இவான் பாவ்லோவ் உருசிய நாட்டவர். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அளந்துகொண்டிருந்தபோது, உணவு வருமுன்பே அதைக் கொண்டுவருபவரின் காலடியோசைக்கே உமிழ்நீர் ஊறுவதைக் கவனித்தனர். மணியோசை என்று நாம் படித்தாலும் மெட்ரோனோம் எனப்படும் தாளக்கருவி முதலிய பலவற்றையும் அவர் பயன்படுத்தினார். இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த நாய்கள் அறுவைக்கு உட்படுத்தப்பட்டு, வாரில் கட்டப்பட்டு நின்றவை. நாயை வருத்தாமல் பழக்கும் இன்றைய முறை, நாய்களை வருத்திப் பெற்ற அறிவின் மீதே நிற்கின்றது.

பாவ்லோவ் பரிசு பெற்ற அதே 1904-இல் பிறந்தவர் ஸ்கின்னர். எலியையும் புறாவையும் கொண்டு அவர் நிறுவிய செயல்படு ஆக்கநிலையிறுத்தம் நாம் அறிந்ததே. பலர் அறியாத ஒன்று உண்டு. 1951-இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக அவர் ஒரு கட்டுரை எழுதினார். 'டிக்' என ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருள் ஒன்றை வாங்குங்கள். ஒலி எழுப்பியவுடன் நாய்க்கு ஒரு சிறு துண்டு உணவு கொடுங்கள். ஒலி வந்தால் உணவு வரும் என்று நாய் அறிந்த பின், நீங்கள் விரும்பும் செயலை அது செய்யும் அந்தக் கணத்தில் ஒலியெழுப்புங்கள் என்பது அதன் கருத்து. இன்று கிளிக்கர் என்று கடைகளில் விற்கும் சொடுக்கியின் பயன்பாட்டை அன்றே அவர் விளக்கிவிட்டார்.

அவருடைய மாணவர்களான கெல்லர் பிரீலண்டும் மரியன் பிரீலண்டும் 1940-களில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டனர். நாய் வளர்ப்போருக்கு இம்முறையைச் சொல்லிப் பார்த்தனர். பழைய பயிற்சியாளர்கள் செவிசாய்க்கவில்லை. கோழியும் பன்றியும் வித்தை காட்டும் ஒரு காட்சிச்சாலையை 1955-இல் அர்க்கன்சா மாநிலத்தில் திறந்தனர். விலங்கு அதன் இயல்புக்கு மாறாக எதையும் கற்றுவிடாது என்றும் 1961-இல் எழுதினர். உணவுக்காக நாணயத்தைப் பெட்டியில் போடக் கற்ற பன்றி, நாளடைவில் அதைப் போடாமல் மூக்கால் மண்ணில் கிளறத் தொடங்கியதாம். மாணவரின் இயல்பறிந்து கற்பிக்க வேண்டும் என்று நமக்குச் சொன்னதும் இதுதானே?

ஓங்கிலுக்குச் சங்கிலி போட இயலாது

மாற்றம் கடலிலிருந்து வந்தது. ஹவாய்த் தீவில் 1960-களில் ஓங்கில்களைப் பழக்கியவர் கேரன் பிரையர் என்னும் அம்மையார். ஓங்கிலுக்குக் கழுத்துச் சங்கிலி போட இயலாது. அடித்தால் நீந்திப் போய்விடும். ஆகவே சீழ்க்கையும் மீனும் தவிர வேறு வழியில்லை. கட்டாயத்தால் கற்ற அந்த முறையை அவர் 1984-இல் ஒரு நூலாக எழுதினார். நாயைச் சுட்டுவிடாதே என்னும் பொருள்படும் தலைப்பு அந்நூலுக்கு. அந்தத் தலைப்பை முதன்முதலாகப் பார்த்தபோது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கருப்பன் இறந்ததற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அந்நூல் உலகில் இருந்திருக்கிறது.

இதே காலத்தில் இயன் டன்பார் என்னும் பிரித்தானிய கால்நடை மருத்துவர் குட்டிப் பருவத்திலேயே, கட்டாமல், தின்பண்டத்தைக் காட்டிப் பழக்கும் வகுப்புகளை அமெரிக்காவில் தொடங்கினார். 1993-இல் வளர்ப்பு நாய்ப் பயிற்சியாளர்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தார்.

ஆய்வுகளும் வந்தன. 2004-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் வினவி அறிந்ததில், வெகுமதியை மிகுதியாகப் பயன்படுத்தியோரின் நாய்கள் சொன்னதைக் கூடுதலாகக் கேட்டன. தண்டனை மிகுந்த வீடுகளில் நாய்களின் தீய பழக்கங்களும் மிகுந்திருந்தன. 2020-இல் போர்த்துகலில் 92 நாய்களை ஆராய்ந்தவர்கள், வலி தரும் முறையில் பழகும் நாய்களிடம் மன அழுத்தக் குறிகள் அதிகம் எனக் கண்டனர்.

தின்பண்டம் கடைக்கு வந்த கதை

நாய்க்கென்று தனியாகத் தின்பண்டம் செய்து விற்பது எப்போது தொடங்கியது? ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், இடிதாங்கி விற்பதற்காக இலண்டன் சென்றவர். துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கப்பல் பிஸ்கட்டைத் தெருநாய்கள் விரும்பித் தின்பதைக் கண்டாராம். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சிப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். அந்நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்னும் இளைஞரே பிற்காலத்தில், 1891-இல், தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். 1908-இல் நியூயார்க் நகரில் பால் சேர்த்து எலும்பு வடிவில் செய்த பிஸ்கட் வந்தது. நாய் பிஸ்கட் என்றவுடன் நம் மனக்கண்ணில் எலும்பு வடிவம் தோன்றுவது அதனால்தான்.

கடையில் விற்பதெல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. 2007 மார்ச் மாதத்தில் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது. பல பிராணிகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. அதே ஆண்டில் உலர்த்திய கோழி இறைச்சித் துண்டுகள் பற்றியும் அங்கு எச்சரிக்கை வெளியாயிற்று. உறையின் மேலுள்ள படத்தைப் பார்க்காமல், பின்னால் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

நம் கித்தா, நாயின் வாயில்

இப்பொழுது நம் கதைக்கு வருகின்றேன். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு, 1877-இல், இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். தோட்டக்காரர்களிடம் ஓயாமல் கித்தா நடச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டத்தை நட்டார். அதன்பின் நம்மவர் கப்பலேறி வந்த கதை நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தர யாரிருந்தார்? ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றி நாங்களே பந்து செய்வோம். நாற்றம் குடலைப் பிடுங்கும்; ஆனால் அந்தப் பந்து துள்ளுவது போல் கடைப் பந்து துள்ளாது. கருப்பனுக்கும் அந்தப் பந்தின் மேல் உயிர். வாயில் கவ்விக்கொண்டு கொடுக்காது. மெல்லும், உருட்டும், மறுபடி மெல்லும். அந்த நேரத்தில் மட்டும் அது செருப்பையோ துணியையோ கடித்ததில்லை. நாங்கள் அதை வெறும் விளையாட்டு என்று நினைத்தோம்.

1976-இல், விக்ஹாம் விதை கொண்டு போய்ச் சரியாக நூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்ஹாம் என்பவர் 'கோங்' என்னும் நாய் விளையாட்டுப் பொருளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். அவரிடம் ஃபிரிட்ஸ் என்றொரு ஓய்வுபெற்ற காவல்துறை நாய் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டது. மார்க்ஹாம் பழைய வோக்ஸ்வேகன் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப்போட்ட இரப்பர்ப் பாகம் ஒன்றை ஃபிரிட்ஸ் கல்லை விட்டுவிட்டுக் கவ்விக்கொண்டது. நடுவில் இடை குறுகிய, தாறுமாறாகத் துள்ளும் உருவம். அதைப் பார்த்து, மெல்லத்தக்க இயற்கை இரப்பரில் பொம்மை செய்தார். உள்ளே குழிவு இருந்ததால் அதில் உணவை அடைக்கலாம் என்பது அதன் பெரும் பயனாயிற்று. உணவை எடுக்க நாய் நக்க வேண்டும், உருட்ட வேண்டும், சிந்திக்க வேண்டும். தட்டில் இரண்டு நிமிடத்தில் தீரும் உணவு அரைமணி நேர வேலையாகிவிடுகின்றது.

விலங்குக்கு வேலை வேண்டும் என்னும் கருத்துக்கு ஆதாரமும் உண்டு. 1963-இல் ஜென்சன் என்பவர், கிண்ணத்தில் இலவச உணவு இருந்தும் நெம்புகோலை அழுத்திப் பெறும் உணவையே பல எலிகள் நாடியதைக் காட்டினார். 1970-களில் விலங்குக் காட்சிச்சாலைகளில் கூண்டு விலங்குகளுக்கு உணவைத் தேடிப் பெறும் வாய்ப்பை ஏற்படுத்தும் முயற்சிகள் வளர்ந்தன. நாள் முழுதும் வாசற்கம்பியில் கட்டிக் கிடக்கும் நாய் குரைப்பதற்கும் குழி தோண்டுவதற்கும் காரணம் கொழுப்பு அன்று, வேலையின்மை.

இந்த மண்ணில் பயிற்சி பெற்ற நாய்கள்

பயிற்சி பெற்ற நாய் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மோப்ப நாய்கள் காட்டில் வேலை செய்தன. பிரித்தானிய விமானப்படைக் காவல் பிரிவின் பாபி, ஜாஸ்பர், லாஸ்ஸி, லக்கி என்னும் நான்கு நாய்கள் 1949 முதல் 1952 வரை மலாயாக் காடுகளில் தடம் தேடின. மூன்று பணியிலேயே இறந்தன. எஞ்சியது லக்கி மட்டும். விலங்குகளின் வீரத்துக்கு வழங்கப்படும் டிக்கின் பதக்கம் 2007 பிப்ரவரியில், மறைவுக்குப் பின், லக்கியின் பெயரில் வழங்கப்பட்டது.

வியப்பு என்னவெனில், அடுத்த மாதமே, 2007 மார்ச்சில், மற்றொரு லக்கி மலேசியாவுக்கு வந்தது. லக்கி, ஃபுளோ என்னும் இரு கறுப்பு லாப்ரடோர் நாய்கள் குறுந்தட்டுகளை மோப்பம் பிடிக்கப் பழகியவை. ஜொகூர் பாருவில் திருட்டுக் குறுந்தட்டுக் கிடங்கைக் காட்டிக் கொடுத்தன. கும்பல்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்தித்தாள்களில் வந்தது பலருக்கு நினைவிருக்கும். குறுந்தட்டின் மணத்தில் நாய்க்கு என்ன அக்கறை? ஒன்றுமில்லை. மோப்ப நாய்களைப் பழக்குவோர் பொதுவாகச் செய்வது இது: தேடும் பொருளைக் கண்டுபிடித்தவுடன் பந்தோ உணவோ கிடைக்கும். நாய் தேடுவது பந்தைத்தான்.

நம் வீட்டுக்கு எதைத் தேர்வது?

கடையில் விலை உயர்ந்தது எல்லாம் வேண்டியதில்லை. நான் கற்றதையும் செய்து பார்த்ததையும் கீழே தொகுத்துள்ளேன்.

1. பயிற்சிக்கான தின்பண்டம் பட்டாணி அளவு இருந்தால் போதும். மென்மையாக, மணம் உள்ளதாக, உடனே விழுங்கத்தக்கதாக இருக்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுத் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட் ஆகியவை ஏற்றவை. நெத்திலியை நீரில் நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கி, எண்ணெயின்றி வறுத்துக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் நெத்திலிக்கு நிகர் எதுவுமில்லை.

2. எளிய இடத்தில் எளிய பண்டம். கடினமான இடத்தில் சிறந்த பண்டம். வீட்டுக்குள் 'உட்கார்' என்பதற்குக் கேரட் போதும். கோழியைத் துரத்தும் நாயைத் திரும்ப அழைக்க இறைச்சி வேண்டும்.

3. செயலுக்கும் வெகுமதிக்கும் இடையே ஓரிரு விநாடிக்கு மேல் போகக் கூடாது. பண்டத்தை முன்கூட்டியே காட்டி ஆசை காட்டுவதும், செய்தபின் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதைத்தான் இலஞ்சம் என்று பழையவர்கள் குறை கூறினர்.

4. பண்டங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் சோற்றைக் குறைக்க வேண்டும்.

5. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் மிகவும் கொடியது. நிலக்கடலைப் பசை வாங்கினால் அது கலவாததாகப் பார்த்து வாங்க வேண்டும். மிஞ்சிய குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருப்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

6. வெந்த கோழி எலும்பு ஊசி போல் பிளந்து குடலைக் கிழிக்கும். கறிக்கடை எலும்பும் மான் கொம்பும் பல்லை உடைக்கும். மெல்லும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிதும் பதியாவிட்டால் அது மிகக் கடினம். பதனிடாத தோல் துண்டுகள் ஊறிப்போய்த் தொண்டையில் அடைக்கக்கூடும். அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோல் பெரும்பாலும் மாட்டுத்தோல். உலர்ந்த காது என்று விற்பது பெரும்பாலும் பன்றியினது. மாட்டுப்பொருள் வேண்டாத இந்து வீடுகளும் பன்றிப்பொருளால் மனம் வருந்தும் மலாய் அண்டை வீட்டாரும் உள்ள நம் தாமானில் இதை அறிந்து வாங்குவது பண்பாகும்.

7. விளையாட்டுப் பொருள் நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உட்குழிந்த இரப்பர்ப் பொம்மையில் சோறும் கோழியும் பிசைந்து அடைத்து, உறையவைத்துக் கொடுத்தால் நம் வெயிலுக்கு இதமாகவும் இருக்கும். பொம்மைக்குப் பணம் இல்லையெனில் பழைய துண்டை விரித்து, உணவை உள்ளே தூவிச் சுருட்டிக் கொடுங்கள். முட்டை அட்டையில் மறைத்துக் கொடுங்கள். கிழித்துத் தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய மோட்டார்சைக்கிள் டயரும் ஒட்டுப்பால் பந்தும் மட்டும் வேண்டா. கருப்பன் அதை விழுங்காமல் தப்பியது தற்செயல்தான்.

8. மிகவும் முக்கியமானது இது: கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அது எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி. என்ன செய்துவிட்டு வந்தாலும் சரி. 'வா' என்ற சொல் ஏற்கெனவே கெட்டுவிட்டதென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். புதிய சொல்லையோ சீழ்க்கையையோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் இரண்டடித் தொலைவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் வந்தவுடன் கொடுங்கள்.

நிறைவாக

அந்த மாணவனுக்கு நான் வகுப்பில் சொன்ன நான்கு வரி, மேலே எட்டாவதாக உள்ளதுதான். அவன் 'வா' என்பதை விட்டுவிட்டு விரலால் சொடுக்குப் போட்டு அழைக்கத் தொடங்கினான். பதினொரு நாள் கழித்து, காலையில் சபைகூடல் முடிந்ததும் ஓடிவந்து, "வேலிக்கு வெளியிலேருந்து வந்துடுச்சு டீச்சர். தாத்தாவே பாத்தாரு" என்றான். தாத்தா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. நெத்திலி டப்பாவ எடுத்து அவரு பக்கத்துல வெச்சிக்கிட்டாரு" என்றான்.

என் அப்பாவுக்கு இப்போது வயது எழுபத்தாறு. எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். மாலையில் நான் சீழ்க்கை அடித்ததும் எங்கள் நாய் சந்து முனையிலிருந்து காது பறக்க ஓடிவருவதை நாற்காலியில் அமர்ந்து பார்ப்பார். ஒருநாள், "இதுக்கு என்னம்மா குடுத்துப் பழக்குன?" என்று கேட்டார். "நெத்திலிதான்ப்பா" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நெத்திலி அப்பவும் நம்ம வீட்ல இருந்துச்சு" என்றார். அவரும் கருப்பனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றேன். ஆசிரியத் தொழிலில் என் முதல் சில ஆண்டுகளில், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து உண்மையைச் சொன்ன பிள்ளைகளை நான் கடுமையாக ஏசியிருக்கின்றேன். அவர்கள் உண்மையைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். தோர்ண்டைக்கின் விளைவு விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதியவள்தான் நான். இப்போது உண்மை சொல்லும் பிள்ளைக்கு முதலில் நன்றி சொல்கின்றேன். பாடம் அதற்கப்புறம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த வாசகர்கள், தங்கள் லயத்து நாய்களின் பெயர்களும் கதைகளும் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். மணி, வீரன், டைகர், ஜிம்மி என்று எத்தனை பெயர்கள்! தோட்ட வரலாற்றை எழுதுவோர் துரைகளின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் நம் தாய் தந்தையரோடு வெளிக்காட்டுக்கு நடந்தவற்றின் பெயர்களை நாமாவது குறித்து வைப்போம்.